டச்சுக்காரர், ஒல்லாந்தர், நெதர்லாந்தர்: ஒரே மக்களுக்கு ஏன் இத்தனை பெயர்கள்?

பழவேற்காட்டான் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பழவேற்காட்டின் பழைய கோட்டை இருந்த இடத்தையும் அதனருகே உள்ள கல்லறைத் தோட்டத்தையும் பார்க்க வரும் பள்ளி மாணவர்களுக்காகத் தமிழில் ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். நாற்பது பக்கங்களுக்கு மேல் போகாது. ஆனால் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். 1613இல் இங்கே கோட்டை கட்டியவர்களை எந்தப் பெயரால் குறிப்பது என்பதே என் சிக்கல்.

நான் பள்ளியில் படித்த பெயர் ‘டச்சுக்காரர்கள்’. இலங்கையில் அச்சான வரலாற்று நூல்களைப் புரட்டினால் அதே மக்கள் ‘ஒல்லாந்தர்’ ஆகிவிடுகிறார்கள். இன்றைய நாட்டை ‘நெதர்லாந்து’ என்று எழுதுகிறோம். விளையாட்டுச் செய்திகளிலோ ‘ஹாலந்து அணி’ என்று பல ஆண்டுகள் படித்திருக்கிறோம். என் முதற்படியில் இந்த நான்கு பெயர்களும் கலந்து கிடந்தன. அதைப் படித்துப் பார்த்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “டச்சு நாடு எங்கே இருக்கிறது? அதை ஒல்லாந்தர் எப்போது பிடித்தார்கள்?” என்று கேட்டாள். அவள்மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. சீனாவில் வாழ்பவர் சீனர், இந்தியாவில் வாழ்பவர் இந்தியர் என்று பழகிய பிள்ளைக்கு, நெதர்லாந்தில் வாழ்பவர் டச்சுக்காரர் என்பது இரண்டு வெவ்வேறு மக்களைப் பற்றிய செய்தியாகவே படும்.

இந்தப் பெயர்கள் எப்படி வந்தன என்பதையும், இவற்றுள் எதை நான் எழுத வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். இன்னொன்றும் மனத்தில் இருக்கிறது. ஒரு நாட்டு மக்களின் பெயரைத் தீர்மானிப்பவர் யார்? அந்த மக்களா, அவர்களை அழைக்கும் நாமா?


வேலணையூர் பதிலளிக்கிறார்:

வணக்கம் ஐயா. ‘ஒல்லாந்தர்’ என்பது எங்கள் பாடநூல்காரர் புதிதாக ஆக்கிய சொல் அன்று. யாழ்ப்பாணத்தில் முதியவர்கள் பேச்சிலேயே வழங்கிய சொல். அது யார் வாய்வழியாக வந்தது என்று பார்த்தால் உங்கள் கேள்வியின் பாதிக்கு விடை கிடைத்துவிடும்.

இந்தக் கடல்களுக்கு அவர்களுக்கு முன்பே போர்த்துக்கேயர் வந்துவிட்டனர். புதிதாக வந்த பகைவரைப் போர்த்துக்கேயர் தங்கள் மொழியில் ‘ஒலாந்தேஸ்’ என்று அழைத்தனர். எழுத்தில் முதலில் நிற்கும் ஹகரத்தை அவர்கள் ஒலிப்பதில்லை. கரையோர மக்களுக்குப் பழக்கமான ஐரோப்பிய மொழி அதுவாகவே இருந்ததால், அந்த ஒலிப்பே எல்லாத் துறைமுகங்களிலும் பரவியது. சிங்களத்தில் ‘லந்தேசி’, மலையாளத்தில் ‘லந்தக்காரர்’, மலாயில் ‘பெலாண்டா’, ஜப்பானியத்தில் ‘ஒராந்தா’, நம்மிடம் ‘ஒல்லாந்தர்’. 1640இல் காலியையும் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் போர்த்துக்கேயரிடமிருந்து பறித்தவர்கள், தாங்கள் விரட்டிய பகைவர் தங்களுக்கு இட்ட பெயராலேயே இங்கே நிலைத்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும்.

அவர்களை ஏன் ஹாலந்தின் பெயரால் அழைத்தார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. 1602இல் தொடங்கிய அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனி ஆறு நகரக் கிளைகளின் கூட்டாக அமைந்தது. ஆம்ஸ்டர்டாம், டெல்ஃப்ட், ரோட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹௌசன் ஆகிய ஐந்தும் ஹாலந்து மாகாணத்து நகரங்கள். மிடல்பர்க் ஒன்றுதான் சேலந்து மாகாணத்தைச் சேர்ந்தது. கப்பல்களில் பெரும்பாலானவை எந்த மாகாணத்திலிருந்து புறப்பட்டனவோ அந்த மாகாணத்தின் பெயரே எல்லோருக்கும் ஆகிவிட்டது. நான் பிறந்த வேலணைக்கு அவர்கள் இட்ட பெயர் லைடன், காரைநகருக்கு ஆம்ஸ்டர்டாம். நெடுந்தீவை இன்றும் டெல்ஃப்ட் என்று ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். மூன்றும் ஹாலந்து நகரங்களின் பெயர்கள்.

சேலந்தைச் சேர்ந்தவர்களும் தங்கள் பெயரை உலகப் படத்தில் விட்டுச்செல்லாமல் இல்லை. நியூசிலாந்து என்னும் பெயரில் இருப்பது அந்த மாகாணந்தான். அதற்கு மேற்கே இருந்த பெருநிலம் நெடுங்காலம் ‘புதிய ஹாலந்து’ என்றே படங்களில் இருந்தது. பின்னரே ஆஸ்திரேலியா ஆயிற்று.

அலுவலகத்தைக் ‘கந்தோர்’ என்பதும் பீன்ஸைப் ‘போஞ்சி’ என்பதும் எங்களுக்கு அவர்கள் விட்டுச்சென்ற சொற்கள். உங்கள் ஊரில் வழங்கும் ‘துட்டு’ம் அவர்களுடைய செப்புக்காசின் பெயரே. ஆகவே கையேட்டில் ‘ஒல்லாந்தர்’ என்று எழுதத் தயங்க வேண்டாம் என்பது என் கருத்து.


மாஸ் நதிக்கரை பதிலளிக்கிறார்:

வேலணையூர் ஐயாவின் விளக்கம் மிகவும் பயனுள்ளது. ஆனால் இந்த நாட்டில் பதினேழு ஆண்டுகளாக வாழ்பவள் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

நான் இருப்பது நாட்டின் தென்கோடியில், லிம்பர்க் மாகாணத்தின் மாஸ்திரிக்ட் நகரில். இங்கே வந்த புதிதில், தமிழ்நாட்டில் கேட்ட பழக்கத்தால், அண்டை வீட்டு மூதாட்டியிடம் “நான் ஹாலந்துக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது” என்றேன். அவர் மிகவும் மென்மையாக, “அம்மா, நீ இன்னும் ஹாலந்துக்குப் போகவில்லை, அது வடமேற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது” என்று திருத்தினார். இங்குள்ளவர்கள் ‘ஹாலந்தர்’ என்று சொன்னால், அது மேற்கே கடற்கரையை ஒட்டி வாழும், உரக்கப் பேசும், தங்களையே முழு நாடாக எண்ணிக்கொள்ளும் மக்களைக் குறிக்கும். அந்தச் சொல்லில் ஓர் ஆதங்கம் இருக்கிறது.

அந்த ஆதங்கத்துக்கு வரலாறு உண்டு. ஏழு மாகாணங்கள் கூடிக் குடியரசாக இருந்த காலத்தில் பொதுச் செலவில் பாதிக்கு மேல் ஹாலந்து ஒன்றே கொடுத்தது. பணமும் கப்பலும் அங்கிருந்ததால் பெயரும் அதனுடையதாயிற்று. நெப்போலியன் தன் தம்பி லூயியை 1806இல் இங்கே அரசனாக்கியபோது அந்த நாட்டுக்கு இட்ட பெயரே ‘ஹாலந்து அரசு’தான்; அது 1810இல் முடிந்துவிட்டது. ஹாலந்து மாகாணமும் 1840இல் வட ஹாலந்து, தென் ஹாலந்து என்று இரண்டாகப் பிரிந்தது. இன்றைய பன்னிரண்டு மாகாணங்களில் அவை இரண்டு மட்டுமே. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து அரசு தன் வெளிநாட்டு விளம்பரங்களில் ஹாலந்து என்ற பெயரைக் கைவிட்டு நெதர்லாந்து என்பதையே பயன்படுத்துகிறது. நேர்மையாகச் சொன்னால், காற்பந்து மைதானத்தில் இந்த மாகாணத்தவரும் ‘ஹாலந்து’ என்று கத்துவதை நான் கேட்டிருக்கிறேன். வெளியாரை எதிர்த்து நிற்கும் நேரத்தில் ஒரு பெயர் பொறுக்கப்படுகிறது; வீட்டுக்குள் அதே பெயர் உறுத்துகிறது.

‘நெதர்லாந்து’ என்றால் தாழ்ந்த நிலம். நாட்டின் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்துக்குக் கீழே இருப்பதால் அந்தப் பெயர் இன்றும் பொருளோடு வாழ்கிறது. குடிமக்களை ‘நேடர்லாண்டர்’ என்கிறார்கள். தமிழில் ‘நெதர்லாந்தர்’ என்றால் அதற்கு மிக அருகில் வரும். ‘டச்சு’ என்ற சொல்லை அவர்கள் தங்கள் மொழியில் தங்களுக்குச் சொல்லிக்கொள்வதே இல்லை.

இன்னொரு நுட்பமும் உண்டு. நெதர்லாந்து முடியரசில் இன்று நான்கு நாடுகள் உள்ளன. கரீபியக் கடலிலுள்ள அரூபா, குராசாவ், சின்ட் மார்ட்டன் ஆகியவை மற்ற மூன்று. குராசாவில் பிறந்து வளர்ந்து ஐரோப்பாவையே பாராத ஒருவரும் கடவுச்சீட்டின்படி நெதர்லாந்தர்தான். மக்கள் பெயரையும் குடிமைப் பெயரையும் ஒன்றாக எண்ணும்போது இத்தகையவர்கள் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறார்கள்.


சொல்வேர் பதிலளிக்கிறார்:

‘டச்சு’ என்ற சொல்லைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை. மூன்றிலும் பழைய பெயர் அதுதான்.

பழைய ஜெர்மானிய மொழிகளில் ‘மக்கள்’ என்று பொருள்படும் ஒரு வேர்ச்சொல் இருந்தது. அதிலிருந்து பிறந்த ‘தியோடிஸ்க்’ என்பதன் லத்தீன் வடிவம் 786ஆம் ஆண்டின் ஆவணம் ஒன்றில் முதன்முதலாகக் காணப்படுகிறது. லத்தீன் அல்லாத, மக்கள் பேசும் மொழி என்பதே அங்கு அதன் பொருள். அதாவது அது முதலில் ஒரு நாட்டின் பெயரோ இனத்தின் பெயரோ அன்று. கற்றோர் மொழிக்கு எதிராக நின்ற வீட்டு மொழியின் பெயர். அந்தச் சொல்லே ஜெர்மானியர் தங்களை அழைத்துக்கொள்ளும் ‘டாய்ச்’ ஆயிற்று. ஆங்கிலத்தில் ‘டச்சு’ ஆயிற்று.

ஆங்கிலேயர் நெடுங்காலம் ஜெர்மனியிலிருந்து வடகடல் வரை வாழ்ந்த எல்லோரையும் டச்சு என்றே அழைத்தார்கள். மலைநாட்டு டச்சு, தாழ்நிலத்து டச்சு என்று மட்டும் பிரித்தார்கள். 17ஆம் நூற்றாண்டில் அந்த மக்களுள் ஆங்கிலேயர் அன்றாடம் கண்டவர்களும் வணிகத்தில் மோதியவர்களும் தாழ்நிலத்தவரே. 1652க்கும் 1674க்கும் இடையில் மூன்று முறை அவர்களோடு கடற்போர் நடந்தது. அதனால் அந்தப் பெயர் மெல்ல அவர்கள்மேல் மட்டும் படிந்துவிட்டது. பழைய பரந்த பொருளின் எச்சத்தை அமெரிக்காவில் காணலாம். ‘பென்சில்வேனிய டச்சு’ என்று அறியப்படுவோர் நெதர்லாந்திலிருந்து சென்றவர்கள் அல்லர். ஜெர்மன் பேசும் நிலங்களிலிருந்து சென்றவர்களின் வழித்தோன்றல்கள்.

ஆக, யாழ்ப்பாணத்தார் போர்த்துக்கேயர் வாயிலிருந்து ஒரு பெயரைப் பெற்றனர். நாம் ஆங்கிலேயர் வாயிலிருந்து இன்னொரு பெயரைப் பெற்றோம். நாகப்பட்டினத்தை 1781இல் கைப்பற்றி, எஞ்சிய கரையோர இடங்களை 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பெற்றுக்கொண்ட ஆங்கிலேயரின் பள்ளிகளில்தானே நம் வரலாற்றுப் பாடம் எழுதப்பட்டது.

அந்த மாணவிக்கு இதையும் சொல்லுங்கள், அவள் தனியாக இல்லை என்று அறியட்டும். ரஷ்ய மொழியில் ஜெர்மனியின் பெயர் ‘கெர்மானியா’. அங்கு வாழ்பவர்களின் பெயர் ‘நேம்த்சி’. இத்தாலிய மொழியிலும் நாடு ‘ஜெர்மானியா’தான், மக்கள் ‘தெதெஸ்கி’. அது மேலே சொன்ன ‘தியோடிஸ்க்’கின் பேரப்பிள்ளை. ஆகவே நாட்டுக்கு ஒரு வேரும் மக்களுக்கு வேறொரு வேரும் இருப்பது ஐரோப்பாவிலேயே உண்டு. பின்லாந்தில் ஜெர்மனியைச் ‘சக்சா’ என்கிறார்கள், அவர்கள் முதலில் அறிந்தவர்கள் சாக்சன் குடியினர் என்பதால். பிரான்சில் ‘அலமாஞ்ஞு’ என்கிறார்கள், அவர்களுக்கு அண்டையில் இருந்தவர்கள் அலமன்னி குடியினர் என்பதால். எந்த வாசலில் நின்று பார்த்தார்களோ, அந்த வாசலில் தெரிந்த முகத்தின் பெயர் முழு வீட்டுக்கும் ஆகிவிட்டது.

என்னை மிகவும் நெகிழச் செய்வது ‘நேம்த்சி’ என்ற சொல்தான். ஸ்லாவிய மொழிகளில் அதன் வேர் ‘ஊமை’ என்னும் பொருளுடையது. நம் மொழி பேசாதவன் பேச்சே இல்லாதவன் என்ற எண்ணம் அதில் உறைந்திருக்கிறது. வேல்ஸ் நாட்டின் ஆங்கிலப் பெயருக்கு வேர் ‘அயலார்’ என்ற சொல். அந்த மக்கள் தங்கள் நாட்டுக்குச் சொல்லும் ‘கம்ரி’ என்ற பெயருக்கோ ‘உடன்நாட்டார்’ என்பது அடிப்பொருள். தம்மைத் தாமே அழைத்துக்கொண்ட பெயர்களில் ‘மக்கள்’, ‘நம்மவர்’ என்ற பொருளும், பிறர் இட்ட பெயர்களில் ‘அயலான்’, ‘பேசத் தெரியாதவன்’ என்ற பொருளும் திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம்.


பழவேற்காட்டான் எழுதுகிறார்:

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. மாஸ்திரிக்ட் அம்மையார் எழுதியதைப் படித்த பிறகு என் கையேட்டின் வேறொரு பக்கத்தையும் திருத்த வேண்டியிருக்கிறது என்று உணர்ந்தேன். ‘ஆங்கிலேய ஆளுநர் தாமஸ் மன்றோ’ என்று ஓரிடத்தில் எழுதியிருந்தேன். 1820 முதல் 1827 வரை சென்னை மாகாணத்தை ஆண்ட அவர் கிளாஸ்கோவில் பிறந்த ஸ்காட்லாந்துக்காரர். 1707இலேயே இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இணைந்து பிரிட்டன் ஆகிவிட்டன. ஆனால் நாம் இன்றும் ‘ஆங்கிலேயர் ஆட்சி’ என்றே எழுதுகிறோம். ஹாலந்து முழு நெதர்லாந்துக்கும் பெயரானதைப் போலவே இதுவும். இலங்கை நூல்கள் ‘பிரித்தானியர்’ என்று எழுதுவது இந்த இடத்தில் நம்மைவிடத் துல்லியமாக இருக்கிறது.

இங்குள்ள கோட்டையின் பெயர் கெல்டிரியா. அது கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரிலிருந்து வந்தது. அந்த மாகாணம் ஹாலந்தில் சேராதது. அப்படியென்றால் ‘ஒல்லாந்தர் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டினர்’ என்ற என் வாக்கியம், பெயரளவில் தன்னையே மறுக்கிறதே? இதை என்ன செய்வது?


செய்திமேசை பதிலளிக்கிறார்:

நான் ஒரு நாளிதழில் பல ஆண்டுகள் பிரதி திருத்தியவன். என் நிலைப்பாடு எளிமையானது: ஒரு நாடு தன்னை எப்படி அழைக்கச் சொல்கிறதோ அப்படியே அழைப்பது மரியாதை. ஒரு மனிதர் தம் பெயரைத் திருத்திச் சொன்னால், “எனக்குப் பழகியது பழைய பெயர்தான்” என்று நாம் வாதிடுவதில்லை.

கோத் திவார் என்ற மேற்கு ஆப்பிரிக்க நாடு, ஒவ்வொரு மொழியினரும் தன் பெயரைத் ‘தந்தக் கரை’ என்று தத்தம் மொழியில் பெயர்த்து எழுதியதால், தன் பிரெஞ்சுப் பெயரை எங்கும் பெயர்க்காமல் எழுதும்படி 1980களின் நடுவில் கேட்டுக்கொண்டது. சுவாசிலாந்து 2018இல், விடுதலையின் ஐம்பதாம் ஆண்டில், தன் மொழியிலேயே எஸ்வாத்தினி ஆயிற்று. துருக்கி 2022இல் ‘துர்க்கியே’ என்ற வடிவத்தை ஐக்கிய நாடுகள் அவையில் பதிவு செய்தது. இவற்றையெல்லாம் ஏற்காமல் இருக்க நமக்கு என்ன உரிமை? ஆகவே ‘நெதர்லாந்தர்’ என்பதையே முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை எழுதுங்கள். ஒரே நூலில் ஒரே பெயர் இருப்பதுதான் வாசகருக்கு உதவி. ‘டச்சு’, ‘ஒல்லாந்தர்’ இரண்டையும் அடைப்புக்குறிக்குள் ஒருமுறை காட்டிவிட்டு விட்டுவிடலாம்.


வேலணையூர் பதிலளிக்கிறார்:

செய்திமேசை அவர்களின் நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆனால் முடிவை ஏற்க இயலவில்லை. ஒரு நாடு திருத்தச் சொல்வது பெரும்பாலும் ஆங்கிலத்தில் தனக்கிருக்கும் பெயரை. அந்தத் திருத்தம் நம் மொழியிலும் தேவையா என்பது தனிக்கேள்வி.

எங்கள் நாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 1972இல் குடியரசானபோது ஆங்கிலத்தில் ‘சிலோன்’ என்பது ‘ஸ்ரீலங்கா’ ஆயிற்று. தமிழில் எதுவும் மாறவில்லை. அதற்கு முன்பும் இலங்கை, அதற்குப் பின்பும் இலங்கை. அரசின் தமிழ் ஆவணங்களிலும் அதுவே பெயர். நமக்கென்று பழைய பெயர் இருக்கும்போது, வேறொரு மொழிக்குச் செய்யப்பட்ட திருத்தம் நம்மைத் தொடவேண்டிய அவசியமில்லை.

துருக்கியின் வேண்டுகோளிலும் இதுவே நடந்தது. ஆங்கிலத்தில் அந்நாட்டின் பெயரும் வான்கோழியின் பெயரும் ஒன்றாக இருப்பது அவர்களுக்கு உறுத்தலாக இருந்தது. தமிழில் வான்கோழி வான்கோழிதான். ‘துருக்கி’ என்ற சொல்லில் எந்தப் பறவையும் இல்லை. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த அந்தப் பறவையை ஆங்கிலேயர் துருக்கியின் பெயரால் அழைக்க, துருக்கியரோ இந்தியாவின் பெயரால் ‘ஹிந்தி’ என்று அழைக்கிறார்கள். ஒவ்வொருவரும் அது வேறெங்கிருந்தோ வந்தது என்று எண்ணினார்கள். நம் பறங்கிக்காயும் அதே கண்டத்துக் காய்தான், பறங்கியர் கப்பலோடு சேர்த்து அறியப்பட்டது.

எஸ்வாத்தினியின் வழக்கு வேறு. அந்நாட்டோடு தமிழுக்கு நேரடி உறவு இருந்ததில்லை. ‘சுவாசிலாந்து’ ஆங்கிலம் வழியாக மட்டும் வந்த ஒட்டுச்சொல். அதை உடனே மாற்றிக்கொள்வதில் நமக்கு இழப்பு ஒன்றுமில்லை, அவர்களுக்கு மதிப்பு உண்டு. ஆனால் ‘ஒல்லாந்தர்’ அப்படிப்பட்டதன்று. எங்கள் தேசவழமைச் சட்டத்தை 1707இல் எழுத்தில் தொகுப்பித்தவர்கள் அவர்கள். நூற்றைம்பது ஆண்டு வாழ்க்கை அந்தச் சொல்லில் இருக்கிறது. அதை அடைப்புக்குறிக்குள் தள்ளினால், அந்த உறவையே தள்ளியதாகும்.

‘பறங்கியர்’ என்ற சொல்லில் மட்டும் கவனம் தேவை. பிராங்குகள் என்ற ஐரோப்பியக் குடியின் பெயர் அரபியிலும் பாரசீகத்திலும் திரிந்து நம்மிடம் வந்தபோது போர்த்துக்கேயரைக் குறித்தது. இன்றைய இலங்கையிலோ அது ஐரோப்பிய வழித்தோன்றல்களான, எங்கள் நாட்டுக் குடிமக்களான ஒரு சமூகத்தின் பெயர். பழைய நூலில் படிக்கும் பொருளை இன்றைய மனிதர்மேல் ஏற்றக் கூடாது. ஆங்கிலத்தில் அவர்களுக்குரிய ‘பர்கர்’ என்ற பெயர், நகரக் குடிமகன் என்று பொருள்படும் ஒல்லாந்துச் சொல்.


கிள்ளான்வாசி பதிலளிக்கிறார்:

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். வேலணையூர் கடைசியாகச் சொன்னது எங்களுக்கு அன்றாடச் சிக்கல்.

தமிழ்நாட்டிலிருந்து வரும் சில இதழ்களில் ‘மலேசியர்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘மலாய்க்காரர்’ என்று எழுதிவிடுகிறார்கள். மலாய்க்காரர் ஓர் இனம். மலேசியர் என்பது குடிமை. நான் மலேசியன், மலாய்க்காரன் அல்லன். 1957இல் விடுதலை பெற்றது மலாயா; சபா, சரவாக், சிங்கப்பூர் ஆகியவை சேர்ந்து 1963இல் மலேசியா உருவானது; 1965இல் சிங்கப்பூர் பிரிந்தது. என் தாத்தா தம்மை மலாயாக்காரர் என்றார். அப்பா மலேசியர் என்றார். வீடு மாறவில்லை.

பெயரில் இனமும் குடிமையும் மோதுவதை உடன்படிக்கை எழுதித் தீர்த்தவர்களும் இருக்கிறார்கள். கிரேக்கத்தோடு 2018இல் செய்த பிரெஸ்பா உடன்படிக்கையால் மாசிடோனியா என்ற நாடு வட மாசிடோனியா ஆயிற்று. பெயர் 2019இல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் அங்குள்ளவர்களை ‘வட மாசிடோனியர்’ என்று அழைக்க அந்த உடன்படிக்கை சொல்லவில்லை. குடிமையை ‘மாசிடோனியர் / வட மாசிடோனியக் குடியரசின் குடிமக்கள்’ என்று இரண்டாகவே குறித்தது. நாட்டின் பெயரில் ஒரு சொல்லைச் சேர்க்க ஒப்புக்கொண்ட மக்கள், தங்கள் சொந்தப் பெயரில் அதைச் சேர்க்க ஒப்பவில்லை. அதை நான் முழுமையாகப் புரிந்துகொள்கிறேன்.

பழைய பெயர் நினைவோடு ஒட்டிக்கொள்வதற்கும் எங்களிடம் ஒரு சான்று உண்டு. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் 1942, 1943ஆம் ஆண்டுகளில் பர்மாவுக்கான இருப்புப்பாதை வேலையில் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அதை நாங்கள் ‘சயாம் மரண ரயில்’ என்கிறோம். அந்த நாடு 1939இலேயே தாய்லாந்து என்று பெயர் மாறிவிட்டது. ஆனாலும் போனவர்கள் ‘சயாமுக்குப் போனார்கள்’; திரும்பாதவர்கள் ‘சயாமிலிருந்து திரும்பவில்லை’. ‘தாய்லாந்து மரண ரயில்’ என்று யாராவது திருத்தினால் எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு அது வேறு யாருடைய கதையோ போல் ஒலிக்கும்.


சொல்வேர் பதிலளிக்கிறார்:

பழவேற்காட்டான் கேட்ட கெல்டிரியா முரணுக்கு ஒரு சொல். முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பிய கலங்களை அகநானூற்றின் 149ஆம் பாடல் யவனருடையவை என்கிறது. ‘யவனர்’ என்ற சொல்லின் தோற்றம் அயோனியா, அதாவது இன்றைய துருக்கியின் மேற்குக் கரையில் கிரேக்கர் வாழ்ந்த ஒரு பகுதி. பாரசீகப் பேரரசுக்கு முதலில் பழக்கமான கிரேக்கர் அவர்களே என்பதால், கிழக்கு நாடுகள் முழுவதிலும் கிரேக்கர் அனைவருக்கும் அந்தப் பெயர் ஆயிற்று. அசோகரின் கல்வெட்டும் சிரியாவை ஆண்ட அந்தியோக்கஸை ‘யோன’ அரசன் என்கிறது. நம் சங்கப் புலவர் காலத்தில் முசிறிக்கு வந்தவர்கள் ரோமப் பேரரசின் குடிகள். அயோனியாவைப் பாராதவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். அதற்காக ‘யவனர்’ என்பது பிழை என்று நாம் அடிப்பதில்லை. பெயர் ஒரு பகுதியில் பிறந்து முழுமைக்கும் வளர்ந்தது என்று சொல்லிக்கொடுக்கிறோம். சிந்து ஆற்றின் பெயர் பாரசீகர் வாயிலும் கிரேக்கர் வாயிலும் திரிந்து இந்தியா ஆனதும், அந்த ஆறு இன்று பெரும்பாலும் பாகிஸ்தானில் ஓடுவதும் இதே கதைதான்.

‘-காரர்’ என்ற ஈற்றில் மரியாதைக் குறைவு இருக்கிறது என்று சிலர் எழுதுவதை வேறிடங்களில் கண்டிருக்கிறேன். மதுரைக்காரர், ஊர்க்காரர் என்று நம்மவரையே அப்படித்தான் அழைக்கிறோம்; எனக்கு அதில் குறை தெரியவில்லை. ‘லாந்து’ என்று முடியும் பெயர்களோடு ‘-அர்’ ஈறு சேரும்போது நாவில் சற்று இடறும் என்பது உண்மை. அவ்விடங்களில் ‘நெதர்லாந்து நாட்டவர்’ என்று விரித்து எழுதலாம்.


பழவேற்காட்டான் எழுதுகிறார்:

உங்கள் அனைவரின் பதில்களையும் அச்செடுத்து வைத்துப் படித்தேன். செய்திமேசை ஐயா கேட்ட ஒருமைப்பாடு மாணவர்களுக்கு எளிதாக இருக்கும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த எளிமைக்காக இரண்டு கரைகளின் நினைவை அழிக்க மனம் வரவில்லை.

இப்படிச் செய்யப்போகிறேன். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கு வந்தவர்களைப் பற்றிய பகுதிகளில் ‘ஒல்லாந்தர்’ என்றே எழுதுகிறேன். தமிழ்க் கரையோரம் அவர்களைக் கண்டபோது பிறந்த பெயர் அதுவே. மொழியைக் குறிக்கும்போது ‘டச்சு’ நிற்கும், கல்லறைக் கற்களிலுள்ள எழுத்தை வேறு சொல்லால் சொன்னால் தமிழ்நாட்டு மாணவருக்குப் புரியாது. இன்றைய நாட்டையும் அதன் மக்களையும் பேசும் இடங்களில் ‘நெதர்லாந்து’, ‘நெதர்லாந்து நாட்டவர்’. மன்றோ ‘பிரித்தானிய ஆளுநர்’ ஆகிறார்.

மூன்று பெயர்களின் கதையை முதல் பக்கத்தில் அந்த மாணவியின் கேள்வியோடே தொடங்குகிறேன். அவளிடம் கேட்டேன், சம்மதித்துவிட்டாள். கோட்டையைப் பற்றிய பக்கத்தில் பன்னிரண்டு மாகாணங்களின் கோட்டுப்படம் ஒன்று வரும். அதில் இரண்டு ஹாலந்துகளை ஒரு நிறத்திலும், கெல்டர்லாந்தை வேறு நிறத்திலும் தீட்டச் சொல்லியிருக்கிறேன். மாஸ்திரிக்ட் அம்மையார் மாகாணப் பெயர்களின் ஒலிப்பை ஒருமுறை சரிபார்த்துத் தந்தால் அடுத்த வாரமே அச்சுக்குக் கொடுத்துவிடுவேன்.